கூட்டத்தைக் கூட்டியது யார்?

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், எங்கள் பக்கம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "நம்ம சனத்துக்கு ஒழுங்கு கிடையாதுங்க. தள்ளி நில்லுன்னா ஒட்டித்தான் நிக்கும். அடிச்சாத்தான் கேக்கும்." டீக்கடையில் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் சொல்கிறார்கள். படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமான சொற்களில் இதையே சொல்கிறார்கள். அரசு விதி போட்டது, மக்கள் மீறினார்கள், நோய் பரவியது என்று 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கதையையும் மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டையில் அந்த இரண்டு ஆண்டுகளையும் கழித்தவன் நான். இங்கே கண்ணால் கண்டதும், அரசு வெளியிட்ட ஆணைகளில் இருப்பதும் வேறு கதையைச் சொல்கின்றன. விதி தெளிவாகவும் கடைப்பிடிக்கக் கூடியதாகவும் இருந்தபோது மக்கள் கட்டுப்பட்டார்கள். விதிகள் நாளுக்கொன்றாக மாறி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டபோது கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தை உண்டாக்கியது ஆணை. பழி மட்டும் கூட்டத்தின் தலையில் விழுந்தது.

முதலில், மக்களுக்கு நோயைப் பற்றி அக்கறையே இல்லை என்ற பேச்சை எடுத்துக்கொள்கிறேன். தமிழகத்தின் முதல் கொரோனா இறப்பு 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் சிரித்துக்கொண்டு தெருவில் திரியவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் சொந்த ஊர்ப் பாதையையே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். வாசலில் மஞ்சள் நீரும் வேப்பிலையும் வைத்தார்கள். வேப்பிலை கிருமியைக் கொல்லுமா என்பது வேறு விஷயம். வெளியாள் வரக் கூடாது, நாமும் போகக் கூடாது என்ற எச்சரிக்கையைப் போலீஸ் வந்து சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இன்னும் பெரிய சான்று சித்திரைத் திருவிழா. மதுரைக்காரர்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களோடு கோயிலுக்குள்ளேயே நடந்தது. பெண்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, மங்கலநாண் பூட்டும் நேரம் பார்த்துத் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். வழக்கமாக ஆற்றில் இறங்கும் அழகர் அந்த ஆண்டு இறங்கவில்லை. மறு ஆண்டும் பக்தர்கள் இல்லாமலே திருவிழா நடந்தது. லட்சக்கணக்கில் திரளும் ஒரு நகரம், தலைமுறை தலைமுறையாகத் தவறவிடாத ஒன்றை இரண்டு வருடம் விட்டுக்கொடுத்தது. கோயில் வாசலை யாரும் முட்டித் திறக்கவில்லை. ஒழுங்கு கிடையாது என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இனி, இடைவெளி. எங்கள் ஊரில் பலசரக்குக் கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். சாமான் எடுத்துக் கொடுப்பது கடைக்காரரும் அவர் மகனும் மட்டும். ஒருவர் சிட்டையை முடித்துக் கொடுக்கக் கால்மணி நேரம் ஆகும். நான் பார்த்த ஒரு காலையில் வட்டங்களுக்குள் ஆள் இல்லை. ஒன்றில் மஞ்சள் பை, அதன் மேல் கல். அடுத்ததில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதற்கடுத்ததில் எண்ணெய்த் தூக்கு. ஆட்கள் எல்லாம் எதிரே வேப்பமர நிழலில் நின்றார்கள். அவரவர் பை முன்னால் நகரும்போது வந்து நகர்த்திவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. வரிசை சிறிதும் குலையவில்லை.

அப்போது இப்படிப்பட்ட படங்கள் கைபேசியில் சுற்றி வந்தன. மக்கள் விதியை ஏமாற்றுகிறார்கள் என்று எழுதி அனுப்பினார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. வரிசை வேண்டும் என்ற விதியை அந்த மனிதர்கள் முழுசாகக் காப்பாற்றினார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நில் என்ற பகுதியைத்தான் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு கீற்றுப் பந்தல் போட்டிருந்தால் வட்டத்துக்குள் ஆள் நின்றிருப்பார். வட்டம் போடச் சொன்னவர்கள் நிழலைப் பற்றி யோசிக்கவில்லை. கடை திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதைப் பற்றியும் யோசிக்கவில்லை.

நேரக் கட்டுப்பாடுதான் இந்த விவகாரத்தின் அடிவேர். எளிய கணக்கு இது. நாளைக்கு 300 பேர் வந்துபோகும் கடை 14 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 21, 22 பேர் வருவார்கள். அதே கடையை நான்கு மணி நேரம்தான் திறக்கலாம் என்றால் மணிக்கு 75 பேர். வீட்டில் அரிசி தீர்ந்த குடும்பங்களின் எண்ணிக்கை ஆணையைப் படித்துவிட்டுக் குறைந்துவிடாது. 2021 மே 15 முதல் மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 மணி முதல் 10 மணி வரைதான் அனுமதி. தள்ளி நில் என்று சொன்ன அதே அரசு, எல்லாரும் ஒரே நேரத்தில் வா என்றும் சொன்னது. இரண்டில் எதற்குக் கட்டுப்படுவது?

திடீர் அறிவிப்புகள் இதைவிட மோசம். 2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடக் கிடையாது. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள், 25-ஆம் தேதி சனிக்கிழமை. அன்றைக்குக் கடைகளிலும் சந்தைகளிலும் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பகல் 1 மணிக்கு மூட வேண்டிய கடைகளை 3 மணி வரை திறக்கலாம் என்று அன்றே மாற்றி அறிவித்தார்கள். நான்கு நாளைக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்த குடும்பத் தலைவி பால்பவுடரும் பருப்பும் வாங்க ஓடினால் அது ஒழுங்கீனமா? பிள்ளை குட்டி உள்ள வீட்டில் அதுதான் பொறுப்பு. அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்கு நோய் பரவியது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள்.

ஓர் அரசு மட்டும் செய்த தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓராண்டு கழித்து ஆட்சி மாறியிருந்தது. 2021 மே 24 முதல் தளர்வில்லா முழு ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்தார்கள். அன்றும் மறுநாளும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறக்கலாம், பேருந்துகளும் ஓடும் என்றார்கள். அதற்கு முந்தைய நாள், மே 21-இல்தான், தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. இரண்டாம் அலையின் உச்சம் அது. அந்த உச்சத்தில் இரண்டு நாள் கதவைத் திறந்துவிட்டு மாநிலத்தையே கடைத்தெருவுக்கு வரச் சொன்னார்கள். அ.தி.மு.க. ஆட்சியில் ஏப்ரல் 25 என்ன கற்றுத் தந்ததோ, அது தி.மு.க. ஆட்சியின் மே 22-க்கு வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரடங்குகளும் இப்படித்தான். ஞாயிறு கறிக்கடையை மூடினால் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டம் இரண்டு பங்காகும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் குழு வேண்டாம். கறிக்கடைக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எல்லைக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியங்களில் மீண்டும் முழு ஊரடங்கு. எங்கள் ஊர் திருப்பரங்குன்றம் ஒன்றியத்தில் வருகிறது. ஆகவே நாங்களும் உள்ளே. இதே சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஒன்றியம் முடிந்துவிடும். அங்கே வேறு விதி. ஒன்றிய எல்லை எங்கே முடிகிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உள்ளவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் காட்டில் களை எடுக்கப் போகும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஜூன் 30-இல் முடிய வேண்டியது ஜூலை நடுப்பகுதி வரை, கொஞ்சம் கொஞ்சமாக, தவணை தவணையாக நீண்டது. ஒவ்வொரு தவணையின் கடைசி நாளிலும் நாளைக்கு என்ன என்று தெரியாமல் மக்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயண விதிகளுக்கும் இதே கதிதான். 2020 ஜூன் 1 முதல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஒரே மண்டலம். அதற்குள் இ-பாஸ் வேண்டாம். ஜூன் 25 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் வேண்டும். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் எண்ணோ குடும்ப அட்டை எண்ணோ கொடுத்தால் விண்ணப்பித்த உடனே எல்லாருக்கும் பாஸ். அடுத்த இரண்டு வாரத்தில் பாஸே வேண்டாம். தேனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாய் இந்த நான்கு விதிகளில் எந்த நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இணையம் வேண்டும், படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ஆட்டோவில் முதலில் ஒரு பயணிதான். நாலு பக்கமும் காற்று வீசும் வண்டி அது. பேருந்தில் 60 சதவீத இருக்கை, அதாவது முப்பதுக்கு மேற்பட்டவர்கள். சில கட்டங்களில், நோய் அதிகம் என்று குறித்த சிவப்பு மண்டலங்களில் இருசக்கர வண்டியில் பின்னால் ஆள் உட்காரக் கூடாது. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கும் கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் போகக் கூடாது என்பதற்கு என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாத விதிக்கு ஒருவர் பயந்து கட்டுப்படலாம். புரிந்துகொண்டு கட்டுப்பட முடியாது.

இங்கே அரசின் பக்கம் பேசுகிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். கேட்கத் தகுந்த வாதம்தான். நோய் புதிது, அறிவியலே தடுமாறியது, தெரியத் தெரிய விதியை மாற்றத்தானே வேண்டும்? உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு மீட்டர் என்றது. அமெரிக்கா ஆறு அடி என்றது. பிரிட்டன் இரண்டு மீட்டர் என்று தொடங்கி 2020 ஜூலையில் ஒரு மீட்டருக்கு மேல் என்று இறங்கியது. நம் நாட்டில் ஒரு மீட்டர் என்றும் ஆறு அடி என்றும் இரண்டு விதமாகவும் விளம்பரம் வந்தது. அந்த ஆறு அடிக்கு உறுதியான ஆய்வு அடிப்படை எதையும் தாம் கண்டதில்லை என்ற பொருளில் அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் ஆன்டனி ஃபௌச்சியே பின்னாளில் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். இதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மாற்றினால் மக்கள் ஏற்பார்கள்.

ஆனால் நம் விதிகள் அறிவைத் தொடர்ந்து மாறவில்லை. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்நோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது, மூடிய அறையில் காற்றோட்டம் முக்கியம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் எந்த அலுவலகத்தின் சன்னலைத் திறக்கச் சொல்லி ஆணை வந்தது? எந்த வங்கிக் கிளையில் குளிர்சாதனத்தை அணைத்தார்கள்? போலீஸ் தெருவில்தான் நின்றது. திறந்த வெளியில் நடந்தவரைப் பிடித்தது. அதே ஜூலை 1 முதல் கிராமப்புறங்களில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவான கோயில்களைத் திறக்கலாம் என்றார்கள். சின்னக் கோயிலில் சின்னக் கூட்டம்தான் வரும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். இங்கே பக்கத்தில் கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்தில், ஆலமரமும் தாமரைக் குளமுமாக அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் வெட்டவெளி. அந்த மாதிரி இடத்தில் நோய் பரவுமா என்று தெரிய வேண்டுமானால் சுவர் இருக்கிறதா, காற்று வருகிறதா என்றல்லவா கேட்க வேண்டும்? விதி உண்டியலைக் கேட்டது.

விதியை மாற்றியது எது என்பதற்கு நாள்காட்டியே சாட்சி. திருக்கல்யாணத்தைப் பூட்டிய கதவுக்குள் நடத்திய மூன்றாம் நாள், 2020 மே 7 அன்று, சென்னை தவிர்த்து டாஸ்மாக் கடைகள் திறந்தன. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை, 40 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3 வரை, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 முதல் 5 வரை என்று வயதுவாரி நேரம் வேறு. அன்று ஒரு நாள் விற்பனை சுமார் 170 கோடி ரூபாய். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். அம்மன் கல்யாணத்தை வீட்டில் இருந்து பார்த்த பெண், அடுத்த தெரு மதுக்கடை வரிசையைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவாள்?

2021 ஜனவரி 4 அன்று, பொங்கல் படங்களுக்காகத் திரையரங்குகளில் 100 சதவீத இருக்கைகளுக்கு அனுமதி தந்தார்கள். மத்திய அரசு ஆட்சேபித்தது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் தலையிட்டது, சில நாளில் 50-க்குத் திரும்பினார்கள். அடுத்த வாரமே அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. பார்வையாளர் பாதிதான் என்று விதி. அவனியாபுரத்துக்கு ராகுல் காந்தியும் உதயநிதியும் வந்தார்கள். அலங்காநல்லூரில் முதல்வர் பழனிசாமியும் துணை முதல்வர் பன்னீர்செல்வமும் தொடங்கி வைத்தார்கள். பிறகு தேர்தல். மார்ச் முழுக்கத் திறந்த வேனும் திரண்ட கூட்டமும். ஏப்ரல் 2 அன்று பிரதமர் மதுரையில் பொதுக்கூட்டத்தில் பேசினார். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 8 அன்று புதிய கட்டுப்பாடுகள் அறிவிப்பு: 10-ஆம் தேதி முதல் பேருந்தில் நின்று போகக் கூடாது, திருவிழா கூடாது, கல்யாணத்துக்கு 100 பேர், சாவுக்கு 50 பேர். ஏப்ரல் 5-இல் இல்லாத ஆபத்து 8-இல் வந்ததா? தொற்று மார்ச் நடுப்பகுதியிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அந்த மாதக் கடைசியில் கடுமையாகச் சாடினார். அந்தச் சொற்கள் கடுமையானவை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. எனக்கு அவை கடுமையாகத் தெரியவில்லை.

மக்கள் பக்கமும் தவறு நடந்தது, மறைக்க மாட்டேன். 2020 ஏப்ரலில் அலங்காநல்லூர் அருகே முடுவார்பட்டியில் இறந்துபோன ஜல்லிக்கட்டுக் காளைக்கு நூற்றுக்கணக்கானோர் கூடி இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். அது ஆபத்தான செயல். வழக்குப் போட்டதும் சரி. ஆனால் அந்த ஒரு படத்தைக் காட்டியே தமிழ்நாட்டு மக்கள் மொத்தப் பேரையும் எடைபோடுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். பிரிட்டனில் விதியை எழுதிய இடத்தில் இருந்த பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸே ஊரடங்கில் பயணம் போனார். அவருடைய பிரதமர் தம் அலுவலகத்தில் நடந்த விருந்துக்காக 2022-இல் போலீசிடம் அபராதம் கட்டினார். அதற்காக ஆங்கிலேயருக்கு ஒழுங்கே கிடையாது என்று நம்மவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சொல்லை நம் ஏழைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

சரியான விதி எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். ரேஷன் கடையே போதும். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் பொருளும் தந்தபோது, எந்த நாள், எந்த நேரம் என்று குறித்த டோக்கனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 2,000 ரூபாய் தந்தபோதும் அப்படியே. எங்கள் ரேஷன் கடையில் டோக்கன் நேரத்துக்கு ஆள் வந்தது, வாங்கியது, போனது. விலையில்லா அரிசிக்கு முண்டியடிக்கும் என்று எந்தச் சனத்தைச் சொன்னார்களோ அதே சனம்தான். உன் முறை வரும், உன் பங்கு இருக்கிறது என்ற உறுதி கையில் காகிதமாக இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. இடம் கூட்டம் கூடும் இடம்தான், வெயிலும் அதே வெயில்தான். மாறியது விதி மட்டும். இதே ஏற்பாட்டைக் காய்கறிக்கும் மளிகைக்கும் ஏன் யோசிக்கவில்லை?

யோசிக்காததன் விலையைச் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் சுமார் 10 லட்சம் வழக்குகள். லட்சக்கணக்கான வண்டிகளைப் பறித்துக் காவல் நிலைய வளாகங்களில் மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்தார்கள். கூலிக்குப் போகிறவனுக்கு வண்டி போனால் வேலை போயிற்று. அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் முதல்வர் அறிவித்தார். தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. அத்தனை பேரும் சமூகத்துக்கு ஆபத்தானவர்கள் என்றால் எப்படி மன்னித்தார்கள்? ஆபத்தில்லாதவர்கள் என்றால் ஏன் பிடித்தார்கள்?

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப் போனதும், கைபேசிக் கடையை ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித்தான். சில நாளில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. சிபிஐ ஒன்பது போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. அடித்தால்தான் கேட்பார்கள் என்று டீக்கடையில் சாவகாசமாகச் சொல்லும் வாக்கியம் சீருடைக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அந்தத் தந்தையும் மகனும் காட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் அந்த வாக்கியத்தைச் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு நோய் வரும். அப்போதும் தொற்றுநோய்ச் சட்டம் 1897-ஐயும், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஐயும் கையில் எடுத்து ஆணை போடுவார்கள். அந்த ஆணை நடைமுறைக்கு வரும் முன் மூன்று நாளாவது அவகாசம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் அதன் காரணம் ஒரு வரியில், சாதாரணத் தமிழில் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவரையும் ரேஷன் கடை விற்பனையாளரையும் சந்தை வியாபாரியையும் கேட்டுவிட்டு நேரம் குறிக்க வேண்டும். கடை நேரத்தைச் சுருக்காமல் நீட்ட வேண்டும். இவற்றைச் செய்துவிட்டு, அதன் பிறகும் மக்கள் கூடினால், அப்போது எங்களைக் குற்றம் சொல்லுங்கள்.